உளவியலார் மாநாட்டில் ஒரு போதகர்

1967-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் 75-ஆவது ஆண்டு மாநாடு நடந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் மனநல மருத்துவமனைகளிலிருந்தும் வந்து கூடியிருந்த அறிஞர்கள் முன் சிறப்புரை ஆற்ற அழைக்கப்பட்டிருந்தவர் உளவியல் அறிஞர் அல்லர். அவர் பாப்திஸ்து சபைப் போதகர் மார்ட்டின் லூதர் கிங். அப்போது அவருக்கு வயது 38. குடியுரிமை இயக்கத்தில் நடத்தை அறிவியலாரின் பங்கு என்ன என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1968-இல் இரண்டு ஆய்விதழ்கள் அவ்வுரையை அச்சிட்டன.

இன்று அவ்வுரை பெரும்பாலும் ஒரே ஒரு சொற்றொடரால் நினைக்கப்படுகிறது. 'படைப்பாற்றல் மிக்க ஒத்துப்போகாமை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். அத்தொடரை எடுத்தாள்வோர் பலர். உரை முழுவதையும் வாசிப்போர் சிலரே என்று தோன்றுகிறது. நாம் அதனை முதலிலிருந்து இறுதிவரை, ஒரு மறையுரையாளரின் உரையை மற்றொரு மறையுரையாளர் வாசிக்கும் கண்ணோடு வாசித்தோம். பாராட்டும் எழுந்தது, மனக்குறையும் எழுந்தது. இரண்டையும் வாசகர் முன் வைக்க விழைகிறோம்.

உரைக்குள் நுழையுமுன் அது ஒலித்த இடத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சங்கம் 1892-இல் தோன்றியது. அதன் ஆண்டு மாநாடு ஆயிரக்கணக்கானோர் கூடும் பெருவிழா. நிகழ்ச்சிநிரலே தடித்த ஒரு நூலாக இருக்கும். ஒரே மணி நேரத்தில் ஓர் அரங்கில் நினைவாற்றலைப் பற்றியும், அடுத்த அரங்கில் எலிகள் வழி கற்பதைப் பற்றியும், அதற்கடுத்த அரங்கில் குழந்தைகளின் அச்சத்தைப் பற்றியும் கட்டுரைகள் வாசிக்கப்படும். மார்பில் பெயரட்டை அணிந்தவர்கள் ஓர் அரங்கிலிருந்து இன்னோர் அரங்குக்கு விரைந்துகொண்டிருப்பர். இத்தகைய இடத்தில் பேசப்படும் சொல்லுக்கு ஆயுள் குறைவு. நம் ஊர்த் திருவிழாக்களில் நவநாள் மறையுரைக்கு வெளியூர்க் குருவை அழைப்பதுண்டு. ஒன்பது நாளும் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் நன்றாகத்தான் பேசுவர். "சாமி அருமையாய்ப் பேசினார்" என்று சொல்லிக்கொண்டே மக்கள் தேரைப் பார்க்கப் போய்விடுவர். மாநாட்டுச் சிறப்புரையாளரின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

கிங் அங்கே சென்ற வேளை அவருக்கு நல்ல வேளை அன்று. அவ்வாண்டு ஏப்ரலில் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசியிருந்தார். அதனால் அரசின் ஆதரவையும் செய்தித்தாள்கள் பலவற்றின் நல்லெண்ணத்தையும் இழந்திருந்தார். ஜூலையில் நியூவார்க், டெட்ராய்ட் ஆகிய நகரங்கள் பற்றி எரிந்தன. நியூவார்க்கில் 26 பேரும் டெட்ராய்ட்டில் 43 பேரும் மாண்டனர். அறவழிப் போராட்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு சாராரும், அது தொடங்கியிருக்கவே கூடாது என்று மறு சாராரும் பேசிக்கொண்டிருந்தனர். டெட்ராய்ட்டின் தீ அணைந்து ஏறத்தாழ ஐந்து வாரங்களே கழிந்திருந்த நிலையில்தான் அவர் அம்மேடையில் ஏறினார்.

போதகர் ஒருவர் அறிவியலார் கூட்டத்துக்குச் சென்றால் என்ன பேசுவார்? இரண்டில் ஒன்றைப் பேசுவார் என்றே நாம் எதிர்பார்ப்போம். அறிவியலை வாயாரப் புகழ்ந்து, சமயமும் அறிவியலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று சொல்லி அமரலாம். அல்லது ஆன்மாவை மறந்துவிட்டீர்கள் என்று கடிந்துகொள்ளலாம். கிங் இவ்விரு வழியிலும் செல்லவில்லை. அவர் ஓர் உதவி கேட்டார். கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே அறிந்துகொள்ளவும், செல்லும் திசையைத் தெரிந்துகொள்ளவும் சமூக அறிவியல் தேவைப்படுகிறது என்றார். வெள்ளையர் சமுதாயத்துக்கு அது இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது என்றார். இனவெறி என்னும் நஞ்சு தன் ஆன்மாவரை ஏறியிருப்பதை அச்சமுதாயம் உணர வேண்டும். அவ்வுணர்வு கவனத்தோடு திரட்டப்பட்ட சான்றுகளால் வர வேண்டும். சான்றுகள் திரண்டிருந்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினமாகும். இதுவே அவருடைய வேண்டுகோளின் சாரம்.

இந்த இடத்தில் நாம் வாசிப்பை நிறுத்திவிட்டோம். நாவன்மையால் ஒரு நாட்டையே அசைத்தவர், நாவன்மை போதாது என்று ஒப்புக்கொள்ளும் இடம் இது. எத்தனையோ முறை சொல்லியாயிற்று. கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். மறுப்பதற்கு அரிதான கணக்கு வேண்டும், அதை எடுக்கத் தெரிந்தவர்கள் நீங்கள் என்கிறார் அவர். மோர்ஹவுஸ் கல்லூரியில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்ற பிறகே அவர் இறையியல் கற்கச் சென்றார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். எண்களின் மதிப்பை அறிந்த போதகர் அவர்.

அக்கூட்டத்தினருக்கு இது புதிய செய்தியும் அன்று. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலறிஞர் இணையர், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி ஓர் ஆய்வு நடத்தி 1947-இல் வெளியிட்டிருந்தனர். பொம்மைகள் எல்லாம் ஒரே அச்சு. நிறம் மட்டுமே வேறு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாடவே விரும்பினர். தன் நிறத்தைத் தானே ஒதுக்கும் அந்தப் பிஞ்சுக் கை ஆயிரம் சொற்பொழிவுகளுக்கு ஈடாயிற்று. இனவாரியாகப் பிரித்து நடத்தும் பள்ளிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கிளார்க்கின் பணியையும் சுட்டியது. ஆகவே கிங் கேட்டது கற்பனை உதவி அன்று. ஒருமுறை செய்து காட்டப்பட்ட ஒன்றையே மீண்டும் கேட்டார்.

அடுத்து நகரக் கலவரங்களைப் பற்றி அவர் பேசும் பகுதி வருகிறது. கலவரத்தை அவர் போற்றவில்லை. சபித்து ஒதுக்கவும் இல்லை. சூறையாடுபவன் பல வேளைகளில் தான் தூக்கிச் செல்லும் பொருளை விரும்பிச் செல்வதில்லை, எடுத்துக்கொள்வது என்னும் அனுபவத்தையே விரும்புகிறான் என்று விளக்குகிறார். பாவ அறிக்கை கேட்டுப் பழகியவர்கள் இவ்வரியைக் கடந்து செல்ல முடியாது. இருளில் விடப்பட்ட ஆன்மா பாவம் செய்யுமானால், இருளை உண்டாக்கியவரே குற்றவாளி என்னும் விக்டர் ஹ்யூகோவின் கருத்தைத் துணைக்கு அழைக்கிறார். சேரிகளில் சட்டங்களை ஆண்டாண்டாக மீறிவந்த வெள்ளையரின் குற்றங்களையும் சில நாள் கலவரத்தின் குற்றங்களையும் நிறுத்துப் பார்த்தால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்று கேட்கிறார். இறையியல் மாணவர்கள் 'பாவக் கட்டமைப்பு' என்று பின்னாளில் கற்றதை, அவர் கலைச்சொல் எதுவுமின்றி அன்றே விளக்கிவிட்டார். இவ்வுரையின் மிகச் சிறந்த பகுதி இதுவென்பது நம் துணிபு.

ஆய்வுக்கென அவர் மூன்று துறைகளைக் குறிப்பிட்டார். கறுப்பின மக்களிடையே படித்து மேலெழுந்தவர்கள் தம் மக்களுக்குத் தலைமை தருகிறார்களா என்பது முதலாவது. வாக்குரிமையும் அரசியல் செயற்பாடும் உண்மையில் எவ்வளவு மாற்றத்தைத் தரும் என்பது இரண்டாவது. மக்களின் உள்ளத்திலும் எண்ணப்போக்கிலும் நிகழும் மாற்றங்கள் மூன்றாவது. இவற்றில் முதலாவது தம்மையும் தம் தோழர்களையும் சுடும் கேள்வி. தம் இனத்தின் நடுத்தர வகுப்பைப் பிறர் முன் ஆய்வுக்கு உட்படுத்துங்கள் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

வியட்நாமைப் பற்றிய பகுதியை விரைந்து கடக்கலாம். குடியுரிமையோடு நின்றுகொள் என்று அறிவுரை கூறியவர்களுக்கு, பொது இடங்களில் இனப்பிரிவினையை எதிர்த்தவன் தன் அறவுணர்வைப் பிரித்து வைக்க மாட்டான் என்று விடையளித்தார். ஏப்ரல் உரையில் இதைவிட விரிவாகவே பேசியிருக்கிறார்.

இப்போது புகழ்பெற்ற அந்தத் தொடருக்கு வருவோம். ஒவ்வொரு துறையிலும் தேய்ந்துபோன கலைச்சொல் ஒன்று உண்டு, உங்கள் துறையில் அது 'ஒத்துப்போகாமை' என்று கிங் தொடங்குகிறார். நம் கல்வியியல் மாணவர்கள் பாடநூலில் 'பொருத்தப்பாடு', 'பொருத்தப்பாடின்மை' என்று படிப்பது இதைத்தான். குழந்தை பள்ளியோடு பொருந்த வேண்டும், தொழிலாளி ஆலையோடு பொருந்த வேண்டும், மனைவி இல்லத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாதோர் சிகிச்சைக்கு உரியோர். ஆனால் நாம் ஒருபோதும் ஒத்துப்போகக் கூடாதவை சில உண்டு என்கிறார் கிங். இன ஒதுக்கல், சமய வெறி, பலருடைய தேவையைப் பறித்துச் சிலருக்கு ஆடம்பரம் தரும் பொருளாதாரம், போர்வெறி, வன்முறை. இவற்றோடு ஒத்துப்போகாதவர்களுக்காகவே ஓர் உலகச் சங்கம் அமைக்க வேண்டும் என்று நகைச்சுவையாகச் சொல்கிறார். ஆண்டு மாநாடு நடத்தும் சங்கத்தின் முன் இன்னொரு சங்கம் வேண்டும் என்று கேட்ட அந்தக் குறும்பை நாம் மிகவும் சுவைத்தோம்.

தமிழில் இச்சொல்லைச் சொல்லிப் பார்க்கும்போதே அதன் கூர்மை தெரிகிறது. 'அனுசரித்துப் போ' என்கிறோம். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்' என்பது பேருந்து இருக்கையிலிருந்து திருமண வாழ்வு வரை எல்லாவற்றுக்கும் நம் மக்கள் தரும் ஒரே மருந்து. பங்கு அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு உறவினர் சொல்வதும் அதுவே, சில வேளைகளில் குருவானவர் சொல்வதும் அதுவே. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனோடு அனுசரித்துப் போகச் சொல்வதைச் சிலுவை சுமத்தல் என்று பெயரிட்டு அழைப்பவர்களும் உண்டு. இயேசுவின் சிலுவை அவர் ஒத்துப்போக மறுத்ததால் வந்தது என்னும் எளிய உண்மை அங்கே மறக்கப்படுகிறது.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கிங் அந்த எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறார். அவரை மேற்கோள் காட்டுவோர் அதை விட்டுவிடுகின்றனர். மனநோய்க்கு ஆளாகாதபடி நலமான, இசைவான வாழ்வை நாடுவது நல்லதே என்று முதலில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஒத்துப்போகாதவர் எல்லாரும் இறைவாக்கினர் அல்லர். தூக்கமின்றித் தவிப்பவருக்கும், காதில் இல்லாத குரல்களைக் கேட்டு நடுங்குபவருக்கும் வேண்டியது மருத்துவர். உம் துன்பமே புனிதமானது என்னும் புகழுரை அன்று. மேய்ப்புப் பணியில் இறையியலோடு உளவியல், சமூகவியல் போன்றவற்றின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில் சொன்னது, கிங் வாஷிங்டனில் பேசுவதற்கு இரண்டாண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன்பே. பேய் ஓட்டுமிடங்களில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த கொடுமைகளைக் கண்ட நாட்டில் அதை அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனி நம் மனக்குறைகள்.

முதலாவது, இப்பகுதி அம்மாநாட்டுக்கென எழுதப்பட்டதன்று. 1957-இல் பெர்க்கிலி நகரில் ஆற்றிய உரையிலேயே இது இருக்கிறது. பத்தாண்டுகளாக ஊர் ஊராக எடுத்துச் சென்ற பகுதி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மறையுரையாளர் ஒவ்வொருவரிடமும் கைவசம் இப்படி நாலைந்து பகுதிகள் உண்டு. நேரம் நெருக்கும்போது அவையே காப்பாற்றும். அச்சொல்லுக்கு உரியவர்கள் முன்னிலையிலேயே அது ஒலித்ததால் இங்கே அதற்குக் கூடுதல் கூர்மை வந்தது என்பதும் உண்மை. ஆனால் விளைவைப் பாருங்கள். கடினமான வேண்டுகோள் முதற்பாதியில் இருக்கிறது. இனிய தொடர் பின்பாதியில் இருக்கிறது. கேட்டவர்கள் இனிய தொடரை எடுத்துச் சென்றார்கள். ஆய்வுக்கு உரிய மூன்று துறைகளை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒத்துப்போகாதவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கிங் மூவரைச் சொல்கிறார். இறைவாக்கினர் ஆமோஸ், ஆபிரகாம் லிங்கன், தாமஸ் ஜெபர்சன். லிங்கனைச் சொல்லும்போது அவருடைய தடுமாற்றங்களையும் நேர்மையோடு குறிப்பிடுகிறார். ஜெபர்சனைச் சொல்லும்போது அக்குறிப்பு இல்லை. அடிமைமுறையோடு முழுவதும் ஒத்துப்போன ஒரு காலத்தில், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்னும் கருத்தை எழுதியவர் என்று புகழ்கிறார். எழுதியது உண்மை. ஆனால் அப்படி எழுதியவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். ஜெபர்சனின் எழுதுகோல் தன் காலத்தோடு ஒத்துப்போகவில்லை. அவருடைய வீடு முழுவதும் ஒத்துப்போனது. கிங் இதை அறியாதவர் அல்லர். விருந்தினராக வந்தவர் விருந்தளிப்போரின் நாட்டுத் தந்தையைக் குறைகூற வேண்டாம் என்று எண்ணியிருக்கலாம்.

ஆனால் அக்கூட்டத்துக்கு மிகவும் தேவைப்பட்ட எடுத்துக்காட்டு அதுவே. அரங்கில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் இனவெறியை வெறுத்தவர்களாகவே இருந்திருப்பர். அவர்களுடைய சங்கத்தில் கறுப்பினத்தவர் எத்தனை பேர்? அவர்களுடைய துறைகளில் கறுப்பின மாணவர் எத்தனை பேர்? கறுப்பினக் குழந்தைகளை மந்த புத்தியினர் என்று முத்திரை குத்த எந்த அறிவுத்திறன் தேர்வுகள் பயன்பட்டன? இக்கேள்விகளைக் கிங் எழுப்பவில்லை. நாட்டின் இருளைச் சுட்டியவர் அரங்கின் இருளைச் சுட்டாமல் விட்டார்.

அதைச் சுட்டியவர்கள் இளைஞர்கள். 1968-இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டின்போது கறுப்பின உளவியலார் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். 1969-இல் மாநாடு மீண்டும் வாஷிங்டனுக்கு வந்தது. சங்கத் தலைவர் ஜார்ஜ் மில்லர் தம் தலைமையுரையில், உளவியலை வல்லுநர்கள் தம் கையில் பூட்டிவைக்காமல் மக்களுக்கு வாரி வழங்க வேண்டும் என்னும் அருமையான கருத்தை முன்வைத்தார். அவ்வுரையின் வேளையில்தான் கறுப்பின மாணவர்கள் மேடையேறித் தங்கள் கோரிக்கைகளை வைத்தனர். உளவியலை எல்லாருக்கும் வழங்குவோம் என்று பேசும் மேடையில், உளவியல் வகுப்புகளில் எங்களுக்கு இடம் எங்கே என்று கேட்ட அந்தக் காட்சியை எந்த நாடக ஆசிரியரும் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது.

கென்னத் கிளார்க் 1971-இல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவராக உரையாற்றினார். அவ்வுரை விந்தையானது. அணுகுண்டுக் காலத்தில் ஆட்சியாளர்களின் கொடிய உந்துதல்களைக் கட்டுப்படுத்த மருந்து கண்டுபிடித்து அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அவர் முன்மொழிந்தார். பொம்மை ஆய்வால் நீதிமன்றத்தை அசைத்தவர், மனிதரின் மனமாற்றத்தில் நம்பிக்கை இழந்து மருந்துப் புட்டியை நாடியதை வாசிக்கையில் துயரமே மிகுகிறது. அருள் செய்ய வேண்டியதை மருந்து செய்யாது என்பது இறையியல் மறுப்பு. அதைவிட எளிய மறுப்பும் உண்டு: அந்த மருந்தை எவர் கையால் எவருக்குக் கொடுப்பது?

கிங் குறிப்பிட்ட போர்வெறியோ மாநாட்டின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. கைதிகளைக் கொடுமைப்படுத்தி விசாரித்த விவகாரத்தில், தன் ஒழுக்கநெறி விதிகள் கடுமையாகிவிடாதபடி சங்க அலுவலர்கள் சிலர் பாதுகாப்புத் துறையோடு கைகோத்திருந்தனர் என்று 2015-இல் ஒரு தனி விசாரணை அறிக்கை கூறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் டொராண்டோ மாநாட்டில் கூடிய பேரவை, நாட்டுப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலார் பங்கேற்பதைத் தடை செய்தது. 157 பேர் ஆதரித்து வாக்களித்தனர்; எதிர்த்தவர் ஒரே ஒருவர். பின்னர் 2021 அக்டோபரில், இனவெறியை வளர்த்ததற்கும் அதை எதிர்க்காமல் இருந்ததற்கும் சங்கம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கிங் பேசி 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. தான் உருவாக்கிய தேர்வுகளையும், தான் தாங்கிப் பிடித்த இன உயர்வு தாழ்வுக் கொள்கைகளையும் அத்தீர்மானம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. ஒப்புரவு அருட்சாதனத்தின் கண்ணோடு பார்த்தால் பாவ அறிக்கை நடந்தேறியது எனலாம். பரிகாரம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. இந்த வகையில் அச்சங்கத்தைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. திருச்சபையின் மக்கள் வரலாற்றில் இழைத்த குற்றங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டியது 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான்.

கிங்கின் எடுத்துக்காட்டுகளில் முதலில் வந்த ஆமோசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீதி நீரோட்டமாகப் பெருக வேண்டும் என்று ஆமோஸ் முழங்கியதை எல்லா மேடைகளிலும் கேட்கிறோம். தெக்கோவாவைச் சேர்ந்த அந்த ஆடுமேய்ப்பர் பெத்தேல் ஆலயத்தில் பேசியபோது, இது அரசரின் ஆலயம், உன் ஊருக்குப் போய் இறைவாக்கு உரைத்துப் பிழைத்துக்கொள் என்று விரட்டியவர் யார்? அமட்சியா, அவ்வாலயத்தின் குரு. ஆமோசை மேற்கோள் காட்டும் குருக்கள் ஏழாம் அதிகாரத்தையும் வாசிப்பது நலம்.

கிங்குக்கும் நம் நிலத்துக்கும் உள்ள தொடர்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1959-இல் அவர் ஏறத்தாழ ஒரு மாதம் இந்தியாவில் பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்து சற்று மனம் புண்பட்டதாகவும், பிறகு எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவனே என்று உணர்ந்ததாகவும் 1965-இல் தம் ஆலயத்தில் ஆற்றிய மறையுரையில் கிங்கே சொல்லியிருக்கிறார். ஆக, சாதியோடு நாம் ஒத்துப்போவதைப் பற்றிப் பேச அவரைத் துணைக்கு அழைப்பது வலிந்து செய்யும் ஒப்பீடு ஆகாது.

ஜெபர்சனின் எழுதுகோலும் ஜெபர்சனின் வீடும் நம்மிடமும் உண்டு. தலித் கிறிஸ்தவர்களுக்கு எதிரான பாகுபாடு திருச்சபைக்குள்ளேயே நிலவுவதை ஏற்றுக்கொண்டு, அதைக் களைவதற்கான கொள்கை ஏட்டை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்டது. தலித் விடுதலை ஞாயிறும் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. அன்று உருக்கமான மறையுரைகள் நிகழ்த்தப்படுகின்றன. எழுதுகோலும் மறையுரை மேடையும் சாதியோடு ஒத்துப்போக மறுக்கின்றன என்பதில் ஐயமில்லை. கல்லறைத் தோட்டம் என்ன செய்கிறது? தேர் எந்தத் தெரு வரை செல்கிறது? திருவிழாக் குழுவில் எந்தத் தெருவினர் இடம் பெறுகின்றனர்? இக்கேள்விகளுக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபடும். நாம் அறிந்தவரை சில ஊர்களில் நல்ல விடை கிடைக்கிறது. சில ஊர்களில் கேள்வியையே எழுப்ப முடியாது.

இங்கேதான் கிங்கின் உரையில் மறக்கப்பட்ட முதற்பாதி நமக்கு வேண்டியிருக்கிறது. அவர் உளவியலாரிடம் கேட்டது கவனத்தோடு திரட்டிய, மறுப்பதற்கு அரிதான சான்று. ஒரு மறைமாவட்டம் தன் பங்குகள் ஒவ்வொன்றிலும் கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா, தேர் செல்லாத தெரு உண்டா, பங்குப் பேரவையில் அமர்ந்திருப்போர் எத்தெருவினர், பீடப் பணியாளர் சிறுவர்கள் எவ்வீட்டினர் என்று எண்ணி, பங்கின் பெயரோடு அச்சிட்டால் போதும். இதற்கு மாநாடு தேவையில்லை. கல்லூரிகளில் சமூகவியலும் உளவியலும் பயிலும் நம் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை. அவ்வேட்டை அச்சிடும் துணிவு உள்ள மறைமாவட்டம் எது என்பதையே நாம் அறிய விரும்புகிறோம்.